மூன்று டிஸ்க், ஒரு முகம்

"என்னை எப்போதான் இங்க தனியா படம் எடுக்க விடப்போற, குருவே?"

மார்கரெட்டுக்குப் பொறுமை என்பதே கிடையாது. வயது ஐம்பத்தொன்று. குரு ஜுனைதாவுக்கு இருபத்தெட்டு. பாளையங்கோட்டை போட்டோ ஸ்டூடியோவில் இதற்காக இருவருமே வெட்கப்பட்டதில்லை.

"நேத்து அந்த வீட்டுல தனியாத்தானே எடுத்தீங்க, அக்கா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

நேற்றைய படங்களில், பதினோரு வருஷம் கழித்து ஆறு அண்ணன் தம்பியும் அம்மாவோடு ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். இன்று விடிவதற்குள் அவர்களில் நாலு பேர் விமானம் ஏறியாயிற்று.

"அந்தக் கிழவி சிரிச்சா பாரு. பார்த்தா நீ உன் காமிராவை வித்துடுவ."

"பத்திரமா வச்சிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மார்கரெட் காத்திருந்தாள். பையைக் கவிழ்த்தாள். மூன்று ஹார்ட் டிஸ்க் விழுந்தன.

"ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில, ஒண்ணு நாத்தனார் வீட்டுக்கு. சுனாமி வந்தாலும் என் படம் நனையாது. டிஸ்க்கும் என்ன வேகம்ங்கிற! நானூறு படம், கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள ஏறிடுச்சு."

ஜுனைதா டிஸ்க் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

முன்னறையில் முதல் பிறந்தநாள் குழந்தை ஒன்று தொப்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதைப் படமெடுக்க மார்கரெட் காமிராவை எடுத்தாள். கார்டு முழுக்க நேற்றைய படங்கள். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்றது திரை.

விரல் பொத்தான் மேல் போயிற்று.

"டிஸ்க்லேர்ந்து ஒரு முகம் காட்டுங்க," என்றாள் ஜுனைதா.

"எதுல?"

"உங்க இஷ்டம்."

காமிராவை வைக்காமலே, ஒற்றைக் கையால் முதல் டிஸ்க்கை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் செருகினாள் மார்கரெட். மஞ்சள் ஃபோல்டர் வந்தது. தட்டினாள்.

எதுவும் திறக்கவில்லை.

இரண்டாவது. மூன்றாவது.

"உன் மிஷின் சரியில்ல. வீட்டுல திறந்துச்சே."

"மூலையில குட்டியா ஒரு அம்பு இருக்கு, தெரியுதா? இது ஃபோல்டர் இல்ல, ஷார்ட்கட். உங்க லேப்டாப்புல படம் எங்க இருக்குன்னு வழி மட்டும் காட்டும். மூணு டிஸ்க்லயும் வழியைத்தான் காப்பி எடுத்திருக்கீங்க. படத்தை இல்ல."

"அப்போ லேப்டாப்புல…"



"லேப்டாப்புல?"

"காலையிலதான் அழிச்சேன். மூணு காப்பிதான் இருக்கேன்னு. குப்பைத்தொட்டியைக் கூடக் காலி பண்ணிட்டேன்."

கையிலிருந்த காமிரா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது: அழிக்கவா?

சூடான தோசைக்கல்லிலிருந்து எடுப்பதுபோல் விரலை எடுத்தாள். காமிராவை ஆஃப் செய்தாள். கார்டை உருவி உள்ளங்கையில் வைத்து மூடினாள். நகத்தளவுதான் இருக்கும். ஆறு பிள்ளைகளும் ஒரு தாயும் அதற்குள்.

ஜுனைதா புதுக் கார்டு ஒன்றை நீட்டினாள். "இதைப் போட்டுக்குங்க. அதைக் கொடுங்க, நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

மார்கரெட் புதுக் கார்டை வாங்கிக்கொண்டாள். பழையதைத் தரவில்லை.

"என்னை நம்பலையா, அக்கா?"

"என்னையே நம்பல, உன்னை நம்பிக் கிழிச்சேன். இதை முதல்ல இங்க ஏத்தணும், அப்புறம் டிஸ்க்ல. அந்த டிஸ்க்கை எடுத்துட்டுப் போய் வேற மிஷின்ல போட்டு, கிழவி சிரிக்கிறதை என் கண்ணால பார்க்கணும். அதுவரைக்கும் கேட்காத."

"குழந்தை அழுதே."

"அழட்டும். நல்லா இருக்கும் படம்."

ஜுனைதா செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"பிரியாணி சாப்பிட. குழந்தையை நீங்களே தனியா எடுத்துடுங்க."