கரையில உக்காந்த சொர்ணம்

ஒரு ஊர்ல ஒரு குளம் இருந்துச்சாம். அல்லி, தாமரை, தவளை ஒண்ணும் கிடையாது. அடியில நீல ஓடு, மேல மூக்கைத் துளைக்கிற மருந்து வாசனை. டிக்கெட் வாங்கிட்டு இறங்குற நீச்சல் குளம். கேக்குறியா? ம் கொட்டு.

ம்.

அந்த ஊர்ல சொர்ணம்னு ஒரு அக்கா, தர்மலிங்கம்னு அவளுக்கு ஒரு தம்பி. முழுப்பரீட்சை லீவு விட்டாப் போதும், மொத்தக் குடும்பமும் அந்தக் குளத்துக்குக் கிளம்பிரும். எல்லாரும் தொபுக்கடீர் தொபுக்கடீர்னு குதிப்பாங்க. சொர்ணம் மட்டும் கரையில உக்காந்து துணிமணி, செருப்பு, புளிசாதத் தூக்கு எல்லாத்துக்கும் காவல். மூத்த பொண்ணாச்சே, வேற யாரு பாத்துக்குவா? காலை நனைக்கக்கூட விட்டதில்ல.

அப்புறம் எல்லாருக்கும் வயசாச்சு. தர்மலிங்கத்துக்குத் தொப்பை வந்துச்சு, முடி போச்சு, பழசை நினைச்சு உருகுற வியாதியும் வந்துச்சு. கல்யாண வீடோ கருமாதி வீடோ, எங்க உக்காந்தாலும், "அந்தக் கோடை திரும்ப வருமா! நாம எல்லாரும் தண்ணியில என்னா ஆட்டம் போட்டோம், இல்லக்கா?"ன்னு கண்ணைத் துடைச்சுக்குவான். சொர்ணத்துக்குப் பத்திக்கிட்டு வரும். நாம எல்லாருமாம்ல! அதுல அவ எங்க இருந்தா? துண்டுக்குப் பக்கத்துல இருந்தா.

போன கோடையில தர்மலிங்கம் ஐயா ரொம்ப உருகிட்டாரு. சொந்தபந்தத்தையெல்லாம் திரட்டி, அதே குளத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. சொர்ணம் இந்தத் தடவை இறங்கியே தீர்றதுன்னு முடிவு பண்ணிட்டா. சேலையோட உள்ள விடமாட்டாங்களே! அதனால கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடுற நீச்சல் உடுப்பு ஒண்ணு யாருக்கும் தெரியாம வாங்கி, காலையிலயே சேலைக்கு உள்ள மாட்டிக்கிட்டா. புழுங்குது, வேர்த்து ஊத்துது, வாயைத் தொறக்கலையே! தூங்கிட்டியா?

ம்ஹும்.

குளத்துல எல்லாரும் இறங்க ஆரம்பிச்சதும், சொர்ணமும் எந்திரிச்சு படிக்கட்டுக்கிட்ட போனா. "அக்கா, என் கண்ணாடியைக் கொஞ்சம் பிடி"ன்னான் தர்மலிங்கம். வாங்கிட்டு வந்து உக்காந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எந்திரிச்சா. "அண்ணி, தண்ணியில விழுந்துரும், வச்சுக்கங்க"ன்னு தம்பி பொண்டாட்டி வளையலையும் கம்மலையும் கழட்டிக் குடுத்துட்டா. அதையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு உக்காந்தா. மூணாவது தடவை ஒரு காலைத் தண்ணிக்கு மேல நீட்டிட்டா, அப்போ தம்பி பிள்ளைங்க சளக் புளக்னு ஓடி வந்து, "அத்தே, பசிக்குது!" போச்சு. சோத்தைப் பிசைஞ்சு போட்டா.

வாசனை புடிச்சு தர்மலிங்கமும் சொட்டச் சொட்ட ஏறி வந்தான். ரெண்டு உருண்டையை உள்ள தள்ளிட்டு, ஏப்பம் விட்டு, "நீ இதே இடத்துலதான்கா உக்காந்திருப்பே. அப்ப உன் மூஞ்சியில என்னா சந்தோஷம்!"னு சொன்னான்.

சொர்ணம் விருட்டுன்னு எந்திரிச்சா. "இந்தா, இதைப் பிடி"ன்னா.

அவனும் அக்கா பேச்சைத் தட்டாத புள்ள மாதிரி கையை நீட்டினான். துண்டு, பை, கண்ணாடி, நகை, தூக்குச்சட்டின்னு ஒண்ணொண்ணா அடுக்கினா. அப்புறம் சரக் சரக்னு சேலையை உருவிச் சுருட்டி அதுக்கு மேல வச்சா. "அக்கா! என்ன பண்றே?"ன்னு அவன் கத்துறதுக்குள்ள...

தொபுக்கடீர்!

இடுப்பளவு தண்ணிதான். ஆனாலும் மூக்குல ஏறிச்சு, இருமினா, தும்மினா. அப்புறம், "ஐயோ, எவ்வளவு நல்லாருக்கு!"ன்னு சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சா. சிரிக்கும்போதே அழுகையும் வந்துருச்சு. இவ்வளவு நல்லதையா இத்தனை காலமா வேடிக்கை பாத்தோம்னு நெஞ்சு எரிஞ்சுச்சு.

"அக்கா, மேல வா! இதையெல்லாம் யாரு பாத்துக்குறது?"

"அங்க உக்காந்தா சந்தோஷமா இருக்கும்னியே, இருந்து பாரு."

அப்போ தர்மலிங்கம் மூட்டையோட உக்காந்தான். நெளிஞ்சான். வழுக்கைத் தலை பழுத்துச் சிவந்துபோச்சு. "அக்கா, வெயில் மண்டையைப் பொளக்குதுக்கா!"

"அப்பவும் இதே வெயில்தான்டா"ன்னு சொல்லிட்டு, சொர்ணம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் முங்கிட்டா.

அவ்வளவுதான், கதை குளிச்சுக் கரையேறியாச்சு. நீ கண்ணை மூடு.