கொக்கு சொன்ன பேச்சும் கயலியின் மடியும்

காட்டாற்றின் கரையில், மருத மரத்தின் வேர்களுக்கு அடியில் ஒரு வளை இருந்தது. அதில் கயலி என்ற நீர்நாயும் அதன் குட்டி சுழியனும் வாழ்ந்தன. கயலியின் தங்கை அல்லியும் தன் குட்டிகளோடு அங்கேதான் இருந்தது.

ஒருநாள் சுழியன் பால் குடிப்பதைப் பார்த்து, பாறை மேல் நின்ற கொக்கு சிரித்தது.

“கயலி அக்கா, இன்னுமா பால் கொடுக்கிறாய்? என் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்த அன்றே மீன் தின்றன! மடியிலேயே கிடந்தால் உன் பிள்ளை பயந்தாங்கொள்ளியாகத்தான் வளரும்!”

கயலிக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளை பெரிய வேட்டைக்காரனாக வேண்டும் என்று அதற்கு ஆசை. அன்றே பாலை நிறுத்தியது. கெண்டை மீன்களைப் பிடித்து வந்து குட்டியின் முன் போட்டது.

சுழியன் ஒரு வாய் கடித்தது. துப்பியது. “அம்மா, பால்!” என்று தாயின் வயிற்றை முட்டியது.

“போடா! நீ பெரியவனாகிவிட்டாய்!” என்று கயலி ஆற்றில் குதித்து மறைந்தது.

உடனே கொக்கு இறங்கி வந்தது. கிடந்த மீனையெல்லாம் விழுங்கியது. தினமும் இதே விருந்து!

சுழியன் இளைத்தது. குணமும் மாறிப்போனது. விளையாடக் கூப்பிட்ட சித்தி பிள்ளைகளைக் கடித்தது. “அவன் வேண்டாம், கடிக்கிறான்!” என்று அவை ஒதுங்கிக்கொண்டன. தாய் கண்ணுக்கு மறைந்தால் வீறிட்டது. தண்ணீரைக் கண்டால் பின்வாங்கியது.

அல்லியின் குட்டிகளோ பால் குடிக்கும். தாயின் முகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கும். சேற்றுச் சரிவில் சறுக்கி விளையாட ஓடிவிடும். ‘என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி ஆனான்?’ என்று கயலி ஏங்கியது.

மழைக்காலம் வந்தது. மலையில் கொட்டிய மழையால் ஆறு பெருகி, வளைக்குள் தண்ணீர் ஏறியது.

“அக்கா, அக்கரைக்கு வா!” என்று கத்திய அல்லி நீரில் பாய்ந்தது. அதன் குட்டிகளும் பின்னாலேயே பாய்ந்தன.

சுழியன் வேரைக் கட்டிக்கொண்டு நடுங்கியது. கயலி கவ்வி இழுத்தது. “மாட்டேன்!” என்று அது தாயின் மூக்கையே கடித்தது.

அடுத்த கணம் அழுதுகொண்டே தாயின் வயிற்றில் முகம் புதைத்துப் பாலைத் தேடியது.

பாலை நிறுத்தியதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று கயலிக்கு விளங்கிவிட்டது. வெள்ளம் காலை நனைத்தது. ஆனாலும் அது வேரின் மேல் சாய்ந்து படுத்தது.

“வாடா கண்ணா, குடி!”

கொஞ்சம் பால்தான் சுரந்தது. அது போதுமாயிருந்தது. சுழியனின் நடுக்கம் நின்றது. அது தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

“அம்மா, நீ முன்னால் போ. நான் வருகிறேன்!”

இரண்டும் நீந்தி அக்கரை சேர்ந்தன.

அதன்பின் கயலி பாலை மறுக்கவே இல்லை. சுழியன் பாலும் குடித்தது, ஆசைப்பட்டபோது மீனும் தின்றது. தான் பிடித்த முதல் இறாலைச் சித்தி பிள்ளைகளோடு பங்கிட்டுக்கொண்டது.

“அக்கா, மீன் மிச்சம் இல்லையா?” என்று கேட்டு வந்தது கொக்கு.

“தம்பி, ஆற்றில் நிறைய இருக்கிறது. நீயே போய்ப் பிடி!” என்றது கயலி.

தாய்மடியில் பாலோடு நிம்மதியும் பெற்ற பிள்ளையே அஞ்சாமல் உலகில் இறங்கும். பிறரோடு இணங்கியும் வாழும்.