கோச் தூக்கிய கை

கடலோர ஊர்க் கால்பந்து அணிக்கு கோச் பெர்க்மான்ஸ் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: அவர் கை தூக்காமல் ஒருவனும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இறுதி ஆட்டம் முடியப்போகிறது, ஒரு கோலும் விழவில்லை. சமனில் முடிந்தால் கோப்பை பழையபடி, போன வருஷம் வென்ற பக்கத்து ஊருக்கே. கோச்சோ கையைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி நின்றார்.

"கையத் தூக்கும் சாரே, நேரம் போவுது!" என்று கத்தினாள் மீன்கார மெற்றில்டா.

"முடிஞ்சா தூக்க வையி, பாப்போம்!"

மெற்றில்டா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "சாருக்க திட்டத்துல நம்பிக்கை உள்ளவங்க கை தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வர, கோச் தன் கையை விறைப்பாக உயர்த்தினார்.

அதைக் கண்டதுதான் தாமதம், அவிழ்த்துவிட்ட காளைகளாகப் பாய்ந்தார்கள் பையன்கள். பந்து வலைக்குள்!

"நான் அதுக்குத் தூக்கல!" என்று அலறினார் கோச்.

"இறக்கிராதேயும் சாரே," என்றாள் மெற்றில்டா. "கோப்பைய வாங்கணும்லா!"