மூஞ்சூறு ஊதிவிட்ட சாம்பல்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது, பசிதான் அவ்வளவாக இல்லை. பத்து நாளைக்கு ஒரு வேளை சாப்பிட்டால் போதும். யானையும் அப்படித்தான், மூஞ்சூறும் அப்படித்தான். படைத்தவன் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் உடம்புக்குத் தக்கபடி தணல் வைத்து, மேலே சாம்பல் போட்டு மூடியிருந்தான். "சாம்பலைக் கலைக்காதீர்கள், நூறு வருஷம் இருக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினான். யாரும் கலைக்கவில்லை. கலைக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஒரு வருஷம் மலைக்காட்டில் அடைமழை பிடித்துக்கொண்டது. இருபது நாள் வெயில் தலைகாட்டவில்லை. யானைக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன் வயிற்றில் இருந்தது ஒரு குவியல் தணல், லேசில் ஆறாது. மூஞ்சூறிடம் இருந்ததோ ஒரு சிட்டிகை. அப்போதுதான் ஈன்றிருந்த அதன் நாலு குட்டிகளும் விறைக்கத் தொடங்கின. அணைத்துக்கொண்டால் தாயின் உடம்பிலும் சூடு இல்லை.

மூஞ்சூறு யானையிடம் ஓடியது.

"யானையண்ணே, பிள்ளைங்க உடம்பு ஜில்லிட்டுப் போச்சு. பால்கூட குடிக்க மாட்டேங்குதுங்க."

"குளிரா? எங்கே குளிருது?" என்றது யானை. அது மோசமான யானை இல்லை, நிஜமாகவே அதற்குத் தெரியவில்லை.

"மலை மாதிரி நிக்கிறீங்க, உங்களுக்கு எங்கே குளிரும்! நான் சாம்பலை ஊதிவிடப் போறேன்."

யானை பதறிவிட்டது. "தங்கச்சி, அவசரப்படாதே. மூடி வச்ச தணல்தான் நிக்கும். திறந்துட்டா திகுதிகுன்னு எரியும், ஓயாமத் தீனி கேட்கும். உன் நூறு வருஷம் என்னாகிறது?"

"பிள்ளைங்க போனப்புறம் நூறு வருஷம் உட்கார்ந்து என்ன பண்ணப் போறேன்?"

சொல்லிவிட்டு மூச்சை உள்ளே இழுத்து ஒரே ஊதாக ஊதியது. சாம்பல் மொத்தமும் பறந்தது. தணல் கனன்றது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதே சூட்டோடு வளைக்குள் ஓடிக் குட்டிகளை அணைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி காலை உதைத்தது. பிறகு நாலும் பாலுக்கு முட்டின. மூஞ்சூறு அழுதேவிட்டது, பாதி சந்தோஷம், பாதி பசி. பாலோடு சேர்ந்து அந்த அனலும் குட்டிகளுக்குள் இறங்கியது.

மற்றவையும் பார்த்துச் செய்தன. முயல் நிறையவே ஊதியது, ஆடு அதைவிடக் குறைவாக, மாடு இன்னும் குறைவாக. தங்கச்சிக்குத் துணையாக இருக்கட்டுமே என்று யானையும் ஒரு ஊது ஊதிப் பார்த்தது. அத்தனை தணலும் ஒன்றாகக் கனன்றதில் வயிறு உலையாகக் கொதித்தது. காதால் விசிறிக்கொண்டே அவசரமாகச் சாம்பலை இழுத்து மூடிக்கொண்டது.

இரண்டாவது மழைக்காலத்தில் மூஞ்சூறு செத்துப்போனது. யானை துக்கம் கேட்கப் போனபோது வளை நிறையப் பேரன் பேத்திகள் இருந்தார்கள். நின்று ஒரு வார்த்தை பேச ஒருவருக்கும் நேரமில்லை. எல்லோரும் பூச்சி பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முதல்தான் உடம்பு சிறுத்தவை வேகமாக எரிந்து சீக்கிரம் தீர்கின்றன, பெருத்தவை நிதானமாக எரிந்து நெடுநாள் இருக்கின்றன. மூஞ்சூறு ஒரு பொழுது பட்டினி கிடந்தால் செத்துப்போகும். ஆனால் அதன் மடி எந்தக் குளிரிலும் ஆறுவதில்லை.