முதுகு காட்டாத சட்டம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால் பொன்னாவரை நாட்டை மகுடேசுவர ராசா ஆண்டு வந்தார். மனசு தங்கம். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார். இரண்டுக்கும் ஊர் கைதட்ட வேண்டும்.

அவருக்கு மல்யுத்தம் என்றால் உயிர். வருசா வருசம் கோட்டை மைதானத்தில் நடக்கும் போட்டிக்கு நாடே திரண்டு வரும். போன வருசக் கூட்டத்தில் எவனோ ராசாவின் தலைப்பாகையிலிருந்த முத்துச்சரத்தை உருவிக்கொண்டு போய்விட்டான். ராசா அழாத குறை.

இதுதான் சமயம் என்று காவல் தலைவர் வன்னியடியார் ஒரு சட்டம் கொண்டு வந்தார். மந்திரி பூவராகன்மேல் ராசா வைத்திருந்த பிரியம் ரொம்ப நாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

“மற்ற வாசல்களைப் பூட்டிவிடுவோம், அரசே. ஒரே வாசல் என்றால் திருடன் தப்ப முடியாது. தாங்கள் எழுந்திருக்கும்வரை யாரும் எழக் கூடாது. அப்புறம் தங்களுக்கு முதுகு காட்டாமல், முகத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே போக வேண்டும். எல்லாரும் போன பிறகே தாங்கள் கிளம்ப வேண்டும்.”

ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அத்தனை சனமும் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே போகுமா! பலே!”

போட்டிக்கு முதல் நாள் காலையில் தண்டோரா போட்டார்கள். சத்தம் கேட்டதும் பூவராகனின் மனைவி செங்கமலம் கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். மல்லுக்கு நிற்பவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

“ஏங்க, பிள்ளையை இடுப்பில வச்சுக்கிட்டு நான் பின்னாலயே நடக்கணுமாம். அங்க பள்ளம் இருக்கா மேடு இருக்கான்னு என் முதுகா பார்க்கும்?”

“நீ வீட்டிலேயே இரேன்.”

“நான் இருந்துக்கறேன். இந்த ஊர்ல கைப்பிள்ளைக்காரி நான் ஒருத்திதானா?”

பூவராகன் கூழ்க்கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரே வாசல். ஒருத்தர் தடுக்கினால் போதும், மேலே மேலே விழுவார்கள். தூங்கும் பிள்ளையின் பாதத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு அரண்மனைக்கு ஓடினார்.

“அரசே, இந்தச் சட்டம் ஆளைக் கொன்றுவிடும்.”

“மந்திரியாருக்கு வயிறு எரிகிறது,” என்றார் வன்னியடியார், மீசையைத் தடவிக்கொண்டே.

ராசா கையை உயர்த்தினார். “பூவராகா, பொழுது சாயறதுக்குள்ள குத்தத்தை என் கண்ணுக்குக் காட்டு. காட்டலேன்னா உன் முத்திரை மோதிரம் இவருக்கு.”

ராசாவுக்கு வாயால் சொன்னால் ஏறாது என்று பூவராகனுக்குத் தெரியும். சட்டென்று கை கூப்பினார்.

“அப்படியானால் சட்டத்தை இப்போதே சபையில் நடத்திப் பார்ப்போமே, அரசே! நாளைக்கு ஒத்திகை மாதிரி.”

வன்னியடியாருக்கு வாயெல்லாம் பல். தானே போய் மண்டபத்தின் மற்ற கதவுகளைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, திறந்திருந்த ஒற்றைக் கதவுக்குப் பக்கத்தில் மிடுக்காக உட்கார்ந்தார்.

வெயில் கொளுத்தியது. பூவராகன் பானகம் வரவழைத்தார். வெல்லமும் ஏலக்காயும் மணக்க மணக்க, குடம் குடமாக வந்தது. சபையோர் ஆசை தீரக் குடித்தார்கள். ராசா எல்லாரையும்விட அதிகம் குடித்தார். சாமரம் மெல்ல வீச, வழக்கம்போல அவர் கண் சொருகிவிட்டது.

ராசா எழாமல் யாரும் எழக் கூடாதே! கொஞ்ச நேரத்தில் சபை நெளிய ஆரம்பித்தது.

“மந்திரியாரே, ஒரு நிமிசம் வெளியே...” என்று பொக்கிசக்காரர் கெஞ்சினார்.

“எனக்கென்ன தெரியும், சட்டம் காவல் தலைவருடையது. அவரைக் கேளுங்கள்.”

வன்னியடியாருக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்கவே பயம். அவர் நிலைமை இன்னும் மோசம்.

ஒருவழியாக ராசா திடுக்கிட்டு விழித்தார். விழித்த வேகத்தில் எழுந்தார். அவருக்கும் அவசரம்! அவ்வளவுதான், சபை மொத்தமும் எழுந்து, ராசாவின் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக அந்த ஒற்றைக் கதவுக்கு விரைந்தது. முதலில் போன வன்னியடியார் நிலைப்படியில் தடுக்கி மல்லாந்தார். அவர்மேல் பொக்கிசக்காரர். அவர்மேல் ராசவைத்தியர். பின்னால் வந்தவர்களுக்கு விழுந்தவர்கள் தெரியவில்லை, அப்படியே சரிந்தார்கள். வாசலே அடைபட்டுவிட்டது.

“வேற கதவைத் திறங்கடா!” ராசா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று கத்தினார்.

“சாவி அடியில் கிடக்கிறவரின் இடுப்பில் இருக்கிறது, அரசே,” என்று சொல்லிக்கொண்டே பூவராகன் மேலே கிடந்தவர்களைத் தூக்கிவிட ஓடினார்.

காவலாளிகளும் வெளியிலிருந்து வந்து ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். கடைசியில் வன்னியடியார் கிடைத்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. ராசா அதையும் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்.

திரும்பி வந்தவர் சிரிக்கப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு சபை ஆளுங்கதான். அதுக்கே இவருக்கு மூச்சு நின்னிருக்கும். நாளைக்கு அத்தனை சனம், பிள்ளைகுட்டியோட...” மந்திரியின் பக்கம் திரும்பினார். “பூவராகா, நீயே சட்டத்தைச் சொல்லுடா.”

“எல்லாப் பக்கமும் வாசல், அரசே. எதற்கும் பூட்டு வேண்டாம், வாசலுக்கு ஓர் ஆள் நிற்கட்டும். பிள்ளைக்காரிகளுக்கு வாசலோரம் இடம். எல்லாரும் முன்னால் பார்த்து நடக்கட்டும்.”

“ஆகட்டும். மோதிரம் உன் விரல்லயே இருக்கட்டும், இந்தச் சங்கிலியையும் போட்டுக்கோ.” ராசா தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி அவருக்குப் போட்டார். பிறகு திரும்பினார். “வன்னியடியாரே, இனிமே நீர் என் பக்கத்துல உட்கார வேண்டாம். சனங்களோட சனமா நடுவுல உட்காரும். சட்டம் போடறவருக்கு அந்த இடம்தான் சரி.”

வன்னியடியார் சாவிக்கொத்தை எடுத்து மந்திரியிடம் நீட்டினார்.

மறுநாள் செங்கமலத்தின் தம்பி எதிராளியைப் புரட்டிப் போட்ட நேரம் பார்த்து வானம் இடித்து மழை கொட்டியது. கூட்டம் திமுதிமுவென்று எழுந்தது. நடுவிலிருந்து வன்னியடியாரின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. யாருடைய பிள்ளையையோ தோளில் தூக்கி வைத்திருந்தார்.

“தள்ளாதீங்க தாயி! அந்தப் பக்கமும் வழி இருக்கு, மெல்லப் போங்க!”

மைதானம் காலியானது. ஒருவருக்கும் ஒரு கீறலில்லை. செங்கமலம் பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு, வாசலுக்கு வெளியே சிரித்தபடி நின்றாள்.

ராசா மழையில் நனைந்தபடி வெறும் மைதானத்தைப் பார்த்தார்.

“ஏண்டா பூவராகா, ஒருத்தர்கூட என் முகத்தைத் திரும்பிப் பார்க்கலையே?”

“வீடு போய்ச் சேர்ந்து தலையைத் துவட்டும்போது எல்லாரும் தங்களைத்தான் நினைப்பார்கள், அரசே.”

ராசா கொஞ்சம் யோசித்தார். அப்புறம் மந்திரியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் போன வழியிலேயே முன்னால் பார்த்து நடந்தார்.