புது வண்டியின் முதல் ஆயில்

வத்தலகுண்டில் கார் பட்டறை வைத்திருந்த பெரியநாயகத்துக்குக் குரு என்று ஒருவர் உண்டு. மலையடிவாரத்தில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்தும் தவமணி அம்மா. பெரியநாயகத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் அம்மா முன்னால் அவர் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

ஆசிரமத்துக்கு யாரோ ஒரு பக்தர் புதுக் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். அதற்கு முதல் ஆயில் மாற்ற ஒரு காலையில் பெரியநாயகமே சாமான்களோடு வந்து சேர்ந்தார். பட்டறை ஆட்களை அனுப்பவில்லை. அம்மாவிடம் கேட்க அவருக்கு ஒரு கேள்வி இருந்தது.

வண்டிக்கு அடியில் அவர் படுத்ததும், அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கம்பெனி புத்தகத்துல ஆயில் மாத்த ரொம்பத் தள்ளித்தானே நாள் போட்டிருக்கு? இப்பவே எதுக்கு மாத்தணும்?"

"அது அவங்க கணக்கும்மா. புது வண்டி எங்கிட்ட வந்தா, முதல் ஆயிலை நான் சீக்கிரமே இறக்கிடுவேன்."

நட்டு கழன்றது. வண்டி ஓடி வந்த சூடு ஆறாத ஆயில், கீழே வைத்திருந்த தட்டில் இறங்கியது. பெரியநாயகம் தட்டை வெயிலுக்கு இழுத்து, லேசாகச் சாய்த்துக் காட்டினார். ஆயிலுக்குள் பொடிப் பொடியாக ஏதோ மினுங்கியது.

"என்ன அது?"

"இரும்பும்மா. புது இன்ஜின்ல ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் இடம் பிடிக்கும். அப்பத் தேயுறதெல்லாம் இதுல வந்து கலந்துரும்."

"வண்டி ஓட்டுறவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? சத்தமே வராது. வெளியே பாத்தா பளபளன்னு இருக்கும்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டார். நின்று, மறுபடியும் அடித்தது. சத்தத்தை அணைத்தார்.

"யாரு?"

"மகதாம்மா. அமுதவல்லி." போனைப் பையில் போட்டார். "அதைத்தான் கேக்கணும்னு வந்தேன். தேனியில கட்டிக் கொடுத்து இன்னும் வருஷம்கூடத் திரும்பல. தினமும் போன் பண்ணி, வந்து கூட்டிட்டுப் போங்கப்பாங்கிறா. பொண்ணுக்குப் பொறுமையை எப்படிம்மா சொல்லிக் கொடுக்கிறது?"

"எதுக்குப் பொறுமை?"

பெரியநாயகம் பழந்துணியில் கையைத் துடைத்தார். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி."

"கோபம் வந்தா?"

துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "கை நீட்டிடுறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாயிரும்னேன். வேற என்னம்மா சொல்ல முடியும்?"

அம்மா எழுந்தார். முந்தானையை மடித்துக் கையில் பிடித்து, ஆயில் தட்டை அப்படியே தூக்கினார். திறந்திருந்த பானெட்டை நோக்கி நடந்தார். தட்டு தளும்பிப் புடவையெல்லாம் கறையானது.

"அம்மா! என்ன பண்றீங்க?"

"இதையே திருப்பி ஊத்தப் போறேன்."

"ஐயோ, இந்தப் பொடியோட ஓடினா இன்ஜின் உள்ளுக்குள்ளேயே அரிச்சுப் போயிரும்மா!"

"புது வண்டிதானே. பழகப் பழகச் சரியாயிரும்."

பெரியநாயகம் பாய்ந்து தட்டைப் பிடித்தார். அது இன்னும் சுட்டது. தான் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இருவரும் தட்டைப் பிடித்தபடி நின்றார்கள்.

அவர் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். நட்டைப் பூட்டவில்லை. புது ஆயில் டப்பாவைத் திறக்கவுமில்லை. கையைக்கூடக் கழுவாமல் தன் வேனை எடுத்துக்கொண்டு தேனிக்குக் கிளம்பினார்.

வழியெல்லாம் மகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

தேனி வீட்டு வாசலில் சம்பந்தியம்மாள் நின்றிருந்தாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அமுதவல்லியின் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். காதிலிருந்து இறங்கிய ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. மாப்பிள்ளை கட்டில் பக்கத்தில் நின்று, டாக்டரிடம் குளியலறைத் தரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வழுக்கி விழலைங்க" என்றார் பெரியநாயகம். "இவன் அடிச்சிருக்கான். முன்னாடியும் அடிச்சிருக்கான். எனக்குத் தெரியும். அப்படியே எழுதிக்குங்க."

அமுதவல்லி அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் பெரியநாயகம் ஆசிரமத்துப் பக்கம் வரவில்லை. வந்தபோது இளைத்துப் போயிருந்தார்.

"அவன் மேல கேஸ் நடக்குதும்மா. பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு காது இனிமே கேக்காதுன்னு சொல்லிட்டாங்க."

அம்மா அவர் உட்காரும்வரை காத்திருந்தார்.

"சாப்பிடுறா. தூங்குறா. அவங்கம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுறா. நான் கூப்பிட்டா மட்டும் திரும்புறதில்ல. காது கேக்காம திரும்பலையா, வேணும்னே திரும்பலையான்னு எனக்குத் தெரியல."

"நல்ல காது பக்கமாப் போய் நின்னு கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"பயமா இருக்கு."

மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பெரியநாயகம் தலையைக் குனிந்தபடியே கேட்டார்:

"எங்கிட்ட எப்பம்மா பேசுவா?"

"அவ சொல்ல வேண்டியதையெல்லாம் அப்பவே போன்ல சொல்லிட்டாளே, பெரியநாயகம்" என்றார் அம்மா.