தலை இல்லாத முந்நூற்றுப் பதினெட்டு

தாராங்குளத்துக்காரர்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்வது அபாண்டம். அவர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். "வாசலைப் பார்த்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், வீடு பின்பக்கமாகத் தீப்பிடித்தாலும் வாசலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஜனங்கள் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்கள்?

அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் தவசிக்கனி. படித்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் குரல் பெரிது. அதனால் எந்த விவகாரமானாலும் கடைசியில் அவர் சொன்னதுதான் முடிவு. அந்த வருடம் கத்திரி வெயில் கொளுத்திய நாளில், வனத்துறையிலிருந்து வனவர் மரகதவல்லி அவர் கடை முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

ஊர்க் குளம் ஒரு பறவைகள் காப்பகம். சுற்றுவட்டாரத்துக் குளமெல்லாம் கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். தாராங்குளத்தில் மட்டும் நடுவில் தண்ணீர் நிற்கும். பறவைகளுக்காக அணையிலிருந்து ஒரு தடவை திறந்துவிடுவார்கள். பறவைகள் குடித்தது போக மிச்சத்தில்தான் ஊரே குளித்தது, மாடு குளித்தது, கீரைப்பாத்தி நனைந்தது.

"இந்த வருசம் புது உத்தரவு. முந்நூறு பறவைக்கு மேல இருந்தாத்தான் தண்ணி" என்றார் மரகதவல்லி. "ஞாயித்துக்கிழமை கணக்கெடுப்பு. என் ஆளுங்க எல்லாரும் கடலோரத்துக்குப் போறாங்க. இங்க நீங்க நாலு பேர் சேர்ந்து எண்ணிக் கொடுக்கணும்."

முந்நூறு இல்லையென்றால் தண்ணீர் இல்லை. வைகாசி முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடக்க வேண்டும். இருந்தாலும் தவசிக்கனி நெஞ்சை நிமிர்த்தி, "எப்படி எண்ணணும்னு மட்டும் சொல்லுங்கம்மா. அதுப்படியே செஞ்சிருதோம்" என்றார்.

"ரொம்ப லேசு. சத்தம் போடாதீங்க, மரம் மாதிரி நில்லுங்க. ஒரு பறவை இன்னொண்ணை மறைக்கும், அதனால உடம்பைப் பார்த்தா குழப்பம் வரும். தலையை மட்டும் எண்ணுங்க. கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க." அப்புறம் ஒரு பைனாகுலரை எடுத்துக் கொடுத்தார். "இதுல பார்த்தா தூரத்துல இருக்கறது பக்கத்துல வந்துடும். பத்திரம். நான் திரும்பி வரும்போது எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாலு பேரும் கரையில் கூடினார்கள். தவசிக்கனி, அவர் மனைவியின் தம்பி பொன்னுலிங்கம், கீரை விற்கும் உலகம்மாள், ஆடு மேய்க்கிற வேலாண்டி. கையில் நோட்டு, பேனா, ஒரு தூக்குவாளி மோர்.

முதல் சிக்கல் மரத்தில் வந்தது.

"மரம் மாதிரி நிக்கணும்னு சொன்னாங்க, சரி. எந்த மரம்னு சொல்லலியே அத்தான்?" என்றான் பொன்னுலிங்கம்.

தவசிக்கனி யோசித்தார். "குளத்துக்குள்ள இருக்கது பூரா கருவேலம். அப்போ நாமளும் கருவேலமாத்தான் நிக்கணும்."

"எனக்குக் கருவேலம் ஆகாது அண்ணாச்சி. ஒரே முள்ளு. நான் வேப்ப மரமா நிக்கேன்" என்றாள் உலகம்மாள்.

"குளத்துக்குள்ள வேப்ப மரம் ஏதுக்கா? பறவைக்குச் சந்தேகம் வந்திராதா?" என்றான் பொன்னுலிங்கம்.

வெகு நேரம் பேசி, உலகம்மாள் கரைமேல் வேம்பாக நிற்பது, மற்ற மூன்று பேரும் உள்ளே கருவேலமாக நிற்பது என்று முடிவானது. நின்ற பிறகுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. நோட்டு தவசிக்கனியின் இடுப்பில் இருந்தது. மரம் எங்கேயாவது நோட்டை எடுத்து எழுதுமா? மறுபடியும் கூடிப் பேசினார்கள். வேலாண்டி ஒருவனே எல்லாருக்குமாகச் சேர்த்து மரமாக நின்றுவிட வேண்டியது, மற்றவர்கள் அவன் பின்னால் ஒளிந்து எண்ண வேண்டியது என்று தீர்மானித்தார்கள்.

வேலாண்டி சேற்றில் இறங்கி, இரண்டு கையையும் கோணலாகத் தூக்கிக்கொண்டு நின்றான். அப்படி ஒரு நிலைப்பு! கால் மணி நேரத்தில் ஒரு மடையான் கொக்கு பறந்து வந்து அவன் தலைமேலேயே உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, என் தலையில என்னமோ நிக்கி" என்று முணுமுணுத்தான் வேலாண்டி.

"மரம் பேசப்பிடாதுலே!" என்று அதட்டினார் தவசிக்கனி. பிறகு நோட்டைத் திறந்து, "கொக்கு, ஒண்ணு. தலை இருக்கு" என்று எழுதினார். கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்து பைனாகுலர். குளத்தின் அந்தக் கோடியில் ஏழு கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. தவசிக்கனி பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். அடுத்த நொடி "ஐயையோ" என்று நாலு அடி பின்னால் துள்ளி, உலகம்மாளின் காலை மிதித்தார்.

"மாப்ள, அலகு என் மூக்குல இடிக்க வந்துட்டுடே! ஏழும் இங்கன வந்துட்டு!"

ஆளுக்கு ஒரு தடவை வாங்கிப் பார்த்தார்கள். உண்மைதான். ஏழும் பக்கத்தில் வந்திருந்தன. தவசிக்கனி "கூழைக்கடா, ஏழு" என்று எழுதப் போகும்போது பொன்னுலிங்கம் கையைப் பிடித்தான்.

"அத்தான், ஒண்ணு யோசிச்சீங்களா? அம்மா வரும்போது எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும்னாங்க. நாம பாட்டுக்குப் பக்கத்துல இழுத்து வச்சுட்டோம்."

அரசாங்கப் பறவை. இடம் மாறிக் கிடந்தால் யார் பதில் சொல்வது? தவசிக்கனி பைனாகுலரை இப்படியும் அப்படியும் புரட்டினார். தற்செயலாக மறுமுனையைக் கண்ணில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. கூழைக்கடாக்கள் பழையபடி தூரத்துக்குப் போய்விட்டன. முன்னைவிடவும் தூரத்துக்கு.

"கொண்டு விடுததுக்கும் இதுலயே வழி வச்சிருக்கான்!" என்று வியந்தார்.

அதிலிருந்து வேலை ஒழுங்காக நடந்தது. தவசிக்கனி ஒரு முனையால் பறவையைப் பக்கத்தில் கொண்டுவருவார், எண்ணுவார், எழுதுவார். பொன்னுலிங்கம் மறுமுனையால் அதைக் கொண்டுபோய் விடுவான். ஒரு தடவை அவன் ரொம்ப நேரம் மறுமுனையில் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த நேரம் பார்த்து ஏழு கூழைக்கடாவும் இறக்கையை விரித்துக் கிளம்பி, மலைப்பக்கமாகப் பறந்து மறைந்தே போய்விட்டன.

"என்ன காரியம்டே செஞ்ச? எங்க கொண்டு விட்ட?" என்று தவசிக்கனி அலறினார்.

"கொஞ்சம் தள்ளித்தான் விட்டேன் அத்தான். அது கேரளாவுக்குப் போயிட்டு போலிருக்கு."

எவ்வளவு உருட்டிப் பார்த்தும் கேரளாவிலிருந்து அவற்றை இழுக்க முடியவில்லை. ஏழு போயிற்று. தவசிக்கனி அடித்து எழுதினார்.

தண்ணீருக்கு மேலே கழுத்தும் தலையும் மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு பாம்புத்தாரா நீந்தியது. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள். "இதுக்கு உடம்பே இல்லியே" என்றாள் உலகம்மாள். "உடம்பை யார் கேட்டா? அம்மா தலையைத்தான கேட்டாங்க" என்று தவசிக்கனி அதையும் சேர்த்துக்கொண்டார். எட்டு மணிக்கெல்லாம் வெயில் முதுகைப் பிளந்தது. மோர் தீர்ந்தது. கணக்கு இருபத்தாறில் நின்றது.

அப்போதுதான் அந்தப் பக்கத்துத் திட்டில் அவற்றைப் பார்த்தார்கள். சேற்றுமேட்டில் வரிசை வரிசையாகச் சிறகி வாத்துகள், கூட்டமான கூட்டம். சிறகி ராத்திரி மேயும், பகலில் தூங்கும். தூங்கும்போது தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும். இது உலகத்துக்கே தெரியும். தாராங்குளத்துக்குத் தெரியாது.

தவசிக்கனி பைனாகுலரில் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உலகம்மக்கா... ஒண்ணுக்குக்கூடத் தலை இல்ல."

நோட்டில் அவற்றைச் சேர்க்க முடியாது. தலையை மட்டும்தான் எண்ண வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்ததை எழுதாமலும் இருக்க முடியாது. ஆகவே பக்கத்தை இரண்டாகக் கோடு கிழித்தார்கள். "தலை உள்ளவை: 26. தலை இல்லாதவை: 318."

"உசுரு இருக்கா?" என்று கேட்டாள் உலகம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒத்தைக் கால்ல நிக்கி. உசுரு இல்லாம எப்படி நிக்கும்? தலை போன விசயம் அதுகளுக்கு இன்னும் தெரியலை போல" என்றார் தவசிக்கனி.

பொன்னுலிங்கம் கேட்டான். "அத்தான், உடம்பில்லாம ஒரு தலை நீந்திச்சே. அது இந்தக் கூட்டத்துல ஏதோ ஒண்ணோட தலையா இருக்குமோ?"

தவசிக்கனி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் தலை இல்லாதவை முந்நூற்றுப் பதினேழுதான். ஆனால் எந்த உடம்பு என்று கண்ணால் பார்க்கவில்லையே? மனசில்லாமல் பதினெட்டாகவே விட்டார்.

இதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. முந்நூறு தலை வேண்டிய இடத்தில் இருபத்தாறு. தண்ணீர் போயிற்று. அதைவிட, வாயில்லா ஜீவன்கள் முண்டமாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மரகதவல்லிக்குப் போன் போட்டார்.

"அம்மா! முந்நூத்துப் பதினெட்டு வாத்துக்குத் தலையைக் காணும்மா! யாரோ பாவி ராவோட ராவா எடுத்துட்டுப் போயிட்டான்!"

வேட்டைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள் என்று மரகதவல்லி நினைத்ததில் தப்பே இல்லை. அரை மணி நேரத்தில் ஜீப் புழுதி பறக்க வந்தது. கூடவே கால்நடை மருத்துவர் ஒருவர் பையும் கையுமாக. குளக்கரையில் ஒரு எருமை குறுக்கே நின்றதால் டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார்.

திட்டில் முந்நூற்றுப் பதினெட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. கூட்டம் மொத்தமும் சீழ்க்கை அடித்துக்கொண்டு வானத்தில் எழும்பி ஒரு வட்டம் போட்டது. வேலாண்டி தலையில் இருந்த கொக்கும் கிளம்பியது.

தவசிக்கனி டாக்டர் காலிலேயே விழுந்துவிட்டார். "டாக்டரய்யா! பையைக்கூடத் திறக்கல, அத்தனைக்கும் தலையை ஒட்டிட்டீங்களே!"

"யோவ், அது தூங்குச்சுய்யா" என்றார் டாக்டர்.

"தலையைக் கழட்டி வச்சுட்டா?"

மரகதவல்லி வானத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு திட்டையும் கருவேல மரங்களையும் ஒரு சுற்று எண்ணி, பேனாவை மூடினார். "முந்நூத்தி நாப்பத்தி நாலு. தண்ணி உண்டு" என்றார். தவசிக்கனி டாக்டரை இன்னொரு தடவை விழுந்து கும்பிட்டார். அடுத்த வாரம் மடை திறந்து தண்ணீர் வந்தபோது ஊரே டாக்டர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டது.

தண்ணீரோடு வனத்துறையிலிருந்து ஒரு புது அறிவிப்புப் பலகையும் வந்தது. "பறவைகள் தங்கும் காலம்: மார்கழி முதல் வைகாசி வரை" என்று பச்சையில் எழுதியிருந்தது. "குளத்துக்கு வர்றவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி வையுங்க" என்று மரகதவல்லி சொல்லியனுப்பியிருந்தார்.

"குளத்துக்கு ரொம்ப வாரது யாரு?" என்று கேட்டார் தவசிக்கனி.

"பறவைக" என்றான் வேலாண்டி.

"பறவை எங்கேருந்து வரும்?"

"மேலேருந்து."

ஆகவே குளத்து நடுவில் நாலு கம்பு நட்டு, எழுத்து வானத்தைப் பார்க்க, பலகையைக் கட்டில் போலப் படுக்கப் போட்டார்கள்.

வைகாசி முடிந்தது. நாரைகள் குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிறகிகள் போயின. நாலு பேரும் கரையில் நின்று, படித்துவிட்டுப் போகிற பறவைகளுக்குக் கை காட்டி வழியனுப்பினார்கள். ஆனி பிறந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நீர்க்காகங்கள் மட்டும் நகரவில்லை. அந்தப் பலகைமேலேயே உட்கார்ந்து இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தன.

"திமிரா இருக்குமோ?" என்றான் பொன்னுலிங்கம்.

"திமிரு இல்லடே. பாவம், எழுத்துத் தெரியல" என்றார் தவசிக்கனி.

இப்போது தினமும் காலையில் உலகம்மாள் ஒரு சிலேட்டோடு கரையில் உட்கார்ந்து அவற்றுக்குப் பாடம் நடத்துகிறாள். நீர்க்காகங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆனால் பக்கத்துப் புளியமரத்தில் இருந்து ஒட்டுக்கேட்ட சாதாரணக் காகங்கள், அனா ஆவன்னா எல்லாவற்றையும் தாண்டி, அதற்குள் 'கா' வரைக்கும் வந்துவிட்டன.